புதுப்பேட்டையில் கிடைத்த நான்காவது சக்கரம்... அயனாவரம் மொட்டை மாடியில் ஒரு ‘பெயின்ட் ஷாப்’!

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து கூவம் ஆற்றுப் பக்கமாக நடந்தால், ஒரு கட்டத்தில் டீக்கடை வாசனை விலகி கிரீஸ் வாசனை வந்துவிடும். அங்கே தொடங்குகிறது புதுப்பேட்டை.

கடை வாசலில் துணி காய்வதைப்போலக் கார் கதவுகள் தொங்குகின்றன. மாடிப்படியில் படிக்கு ஒன்றாக ஹெட்லைட்டுகள். நடைபாதையில் கியர்பாக்ஸ், அதன்மேல் ஒரு பூனை. ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் ஒரு முழுக் காரைக் காண்பது அரிது. ஆனால், ஒரு முழுக் காருக்குத் தேவையான எல்லாமே தனித்தனியாக அங்கே இருக்கும். 2006-ல் தனுஷ் நடித்த படத்தின் பெயராகத்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கோ, கம்பெனி ஷோரூமில் “அந்த பார்ட் இப்ப வர்றதில்லை சார்” என்று கைவிரித்த பிறகு ஞாபகத்துக்கு வரும் பெயர் இது.

மாசி மாதத்து சனிக்கிழமை காலை. ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் கடை கடையாக ஏறி இறங்குகிறார். பின்னால், மூச்சு வாங்க அவரின் அப்பா. பைக்குள் இருப்பது 15 அங்குல அலாய் வீல் ஒன்று. அதற்கு ஒரு ஜோடி வேண்டும்.

அந்த வீல் கோணிப்பைக்குள் வந்த கதை, இரண்டு வாரங்களுக்கு முன் அயனாவரத்தில் தொடங்கியது.

அப்பா, பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் ரயில் பெட்டிகளுக்கு நிறம் தீட்டியே முப்பது வருடங்களுக்கு மேல் கழித்திருக்கிறார். நுரையீரல் இப்போது முன்போல் ஒத்துழைப்பதில்லை. பெயின்ட் வாசனை பக்கத்தில் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

வீட்டில் ஒரு பழைய ஹேட்ச்பேக் கார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, தெருவில் தேங்கிய தண்ணீரில் சக்கரம் மூழ்க நின்ற கார் அது. இன்ஜின் தப்பித்துவிட்டது. சக்கரங்கள்தான் பிறகு மெல்ல மெல்லக் கெட்டன. அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியத்தோடு சிலிக்கானும் துளி மக்னீசியமும் சேர்த்து வார்த்தது. இரும்பைப்போல அது சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால், மேலே இருக்கும் கிளியர் கோட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும். அதற்குள் ஈரம் புகுந்து, பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததைப்போலக் கோடு கோடாக அரிக்கும். வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிரும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று வேறு!

பங்குனியில் திருவண்ணாமலை பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரிலேயே போவதென்று முடிவாகியிருந்தது. அதற்குள் நான்கு வீலுக்கும் தானே பெயின்ட் அடித்துவிடுவது என மகள் கிளம்பினார். அவருக்குக் கறுப்பு வேண்டும். அப்பாவுக்கு சில்வர்தான் சில்வர். கடைசியில் கன்மெட்டலில் சமாதானம் ஆனது.

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அதாவது சென்னைவாசிகளின் ‘ஜி.பி. ரோடு’, கார் அலங்காரத்துக்குப் பேர்போனது. புது அலாய் வீல்கள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நகைக்கடை ஒளியில் மின்னும். அப்பாவும் மகளும் விலை கேட்டுவிட்டு, ஸ்ப்ரே டப்பாக்களும் அலுமினியத்துக்கான பிரைமரும் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

ஒரு வீலைக் கழற்றுவது, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டுவது, கழற்றியதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்பது ஏற்பாடு. (ஸ்டெப்னி என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் வார்த்தை, வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-ல் உபரி சக்கரத்தை உருவாக்கிய டேவிஸ் சகோதரர்கள் அங்கேதான் கடை வைத்திருந்தார்கள். தெருவின் பெயர் அயனாவரம் வரை வந்து சேர்ந்துவிட்டது!)

முதல் இரண்டு வீல்களுக்கும் ஷாம்பூ குளியல், பிறகு வாட்டர் பேப்பர் தேய்ப்பு. பிளாட்பாரத்தில் உரசிய காயங்களுக்கு 180, அதற்குப் பிறகு 400, கடைசியில் 600 நம்பர். தேய்த்துத் தேய்த்து மகளின் விரல் நுனிகள் வழுவழுவென்று ஆகிவிட்டன. “ஒரு மணி நேர வேலைல பெயின்ட் அடிக்கிறது பத்து நிமிஷம்தாம்மா. மிச்சம் அம்பது நிமிஷமும் தேய்க்கிறதுதான்” என்பது அப்பாவின் பாடம்.

மூன்றாவது வீலில் ஒரு பழைய வழக்கு இருந்தது. வாராவாரம் அதில் மட்டும் காற்று குறையும். பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், வால்வையும் மாற்றினார்கள். ஆனாலும் காற்று இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீலின் உள்பக்க விளிம்பில் படிந்திருந்த பிரேக் கறுப்பை மகள் சுரண்டியபோது, தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது.

“கீறல்தாம்ப்பா. உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போறாங்க? பட்டி வெச்சு அடிச்சிடலாம்.”

அப்பா பதில் பேசவில்லை. நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் மாட்டியது. டயரைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். அந்த இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினார். சில நிமிடங்களில் வெள்ளைத் தூளின் நடுவே ஈரக்கோடு ஒன்று தானாக எழுந்தது. வெறும் கீறலாக இருந்தால் துடைத்ததோடு போயிருக்கும். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் திரும்பக் கசியும். எண்ணெயும் சுண்ணத்தூளும் வைத்து விரிசல் பார்க்கும் இந்த முறை, கருவிகள் வருவதற்கு முந்தைய காலத்து ரயில்வே பட்டறை வித்தை. கோடு விளிம்பிலிருந்து உள்நோக்கி மூன்று விரற்கடை நீளம் போயிருந்தது.

தெரிந்த ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. வார்த்த பிறகு பதமாகச் சூடாக்கிக் குளிரவைத்துத்தான் அலாய் வீலுக்கு அந்த உறுதியைக் கொடுக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். திண்டிவனம் ஹைவேயில் நூறில் போகும்போது பாட்டியும் காரில் இருப்பார்.

அப்படித்தான் கோணிப்பை புதுப்பேட்டைக்கு வந்தது.

இங்கே வீல் வாங்குவது புடவை எடுப்பதைவிடச் சிக்கலான காரியம். டிசைன் ஒத்துப்போனால் மட்டும் போதாது. நான்கு நட் துளைகளும் அமைந்த வட்டத்தின் அளவு பொருந்த வேண்டும். நடுத்துளை பொருந்த வேண்டும். வீலின் முதுகில் ‘இ.டி.’ என்ற எழுத்துகளோடு பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அது மாறினால் சக்கரம் உள்ளே தள்ளியோ வெளியே பிதுங்கியோ உட்காரும். முதல் நான்கு கடைகளில் டிசைன் கிடைத்தால் எண் இல்லை, எண் கிடைத்தால் டிசைன் இல்லை.

ஐந்தாவது கடையில் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார்கள். எல்லாமே பொருந்தியது. மகளின் முகம் மலர்ந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு, வேணாம்மா” என்று கீழே வைத்தார். அடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பழைய பார்ட் வாங்கும்போது அழுக்காக இருப்பதுதான் நம்பிக்கையானது. இரண்டு வாரங்களுக்கு முன் பட்டி வைத்து மூடிவிடலாம் என்று சொன்னவர், இதைக் கேட்டதும் கோணிப்பையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

கூவத்தை ஒட்டிய ஒரு சந்தில், டயர் குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தது சரியான வீல். அழுக்கு, கீறல், பிரேக் கறுப்பு எல்லாம் அப்படியே! கடைக்காரர் அதைத் தரையில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். தள்ளாடவில்லை. உள்விளிம்பு முழுவதும் அப்பாவின் நகம் ஒரு சுற்று வந்தது. எங்கும் மாட்டவில்லை.

பேரம் நடந்தது. “அந்தப் பழசைக் குடுத்துட்டுப் போங்க சார், விலையில கழிச்சுக்கறேன்” என்றார் கடைக்காரர். கழிப்பதாகச் சொன்ன தொகை நல்ல தொகைதான். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல்.

“எதுக்கு அண்ணா இது? விரிசல் விட்டதாச்சே” என்று மகள் கேட்டார்.

“ரெடி பண்ணிக்கலாம்மா.”

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, பக்கத்தில் கிடந்த கட்டிங் மெஷினைக் காட்டி, வீலை இரண்டாக அறுத்துத் தரச் சொன்னார். கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அறுத்தால் கழிவு கிடையாது, எடைக்கு எடை அலுமினிய விலைதான் என்று ஆனது. சரி என்றார். பொறி பறக்காமல், கிறீச்சென்ற சத்தத்தோடு மட்டும் வீல் இரண்டு துண்டானது. விரிசல் ஓடிய இடத்தில் வெட்டுமுகம் கறுத்துப்போயிருந்தது. உள்ளே நெடுநாளாக அழுக்கு இறங்கியிருக்கிறது. கடைக்காரரும் குனிந்து பார்த்தார். தராசில் போட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, “டீ சாப்பிட்டுப் போங்க சார்” என்றார்.

வாங்கிய வீலுக்கு டயர் மாட்டி, பேலன்ஸ் பார்த்த பிறகுதான் பெயின்ட். முதலில் பெயின்ட் அடித்தால் டயர் மாட்டும் மெஷின் அதை உரசிவிடும்.

அயனாவரம் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் அமைந்தது ‘பெயின்ட் ஷாப்’. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வேலை. மாசிப் பனியின் ஈரம் அதற்குள் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப்போகும். பதினோரு மணிக்குள் முடிக்கவும் வேண்டும், அதன்பின் காற்று எழும்பித் தூசியைக் கொண்டுவரும். டயரில் பெயின்ட் படாமலிருக்க, அலமாரியில் சேர்ந்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே வரிசையாகச் செருகப்பட்டன. இரண்டு சொந்தக்காரர்களும் ஒரு முன்னாள் கவுன்சிலர் வீட்டுப் பிள்ளையும் அன்று கன்மெட்டல் நிறத்துக்கு மாறினார்கள்.

மகளுக்கு மாஸ்க்கும் கண்ணாடியும். அப்பா கீழே, ஹாலில், வீடியோ காலில்!

“இன்னும் தள்ளிப் பிடிம்மா. ஒரு சாண் தூரமாவது இருக்கணும்... கையை நிறுத்தாதே, ஓடிக்கிட்டே இரு.”

முதல் வீலில் கை ஒரு நொடி நின்றது. பெயின்ட் கண்ணீராக வழிந்தது. “தொடாதே. காயட்டும். நாளைக்கு 800 நம்பர் வெச்சுத் தேய்ச்சுட்டு மறுபடி அடி” என்றது போன். ரயில் பெட்டியில் தானும் இப்படி எத்தனை வழியவிட்டோம் என்ற கணக்கையும் அன்றைக்குத்தான் அவர் வீட்டில் சொன்னார்.

பிரைமர், மெலிதாக மூன்று கோட் நிறம், மேலே இரண்டு கோட் கிளியர். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடக் காத்திருப்பு. காரின் ஹப்போடு ஒட்டி உட்காரும் பின்முகத்திலும், நட் அமரும் குழிகளிலும் மட்டும் சொட்டுப் பெயின்ட் படக் கூடாது என்பதில் அப்பா கறார். அங்கே பெயின்ட் இருந்தால் ஓட்ட ஓட்ட அது நசுங்கும், நட் லூஸாகும். கடையில் ஹார்டனர் கலந்த கிளியரும் இருந்தது. கல் பட்டாலும் தாங்கும். ஆனால், அதன் புகை சாதாரண மாஸ்க்குக்கு அடங்காது, நுரையீரலுக்கு ஆகாது. அதை வாங்க வேண்டாம் என்று சொன்னவர் மகள்தான். அப்பாவின் இன்ஹேலர் எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரிந்தவர் அவர்.

நான்கு வாரக் கடைசிகள் ஆயின. கிட்டப் போனால் இரண்டாவது வீலில் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிகள் தெரியும். மூன்றாவதில் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பத்தடி தள்ளி நின்றால் புது வீல்தான்.

பங்குனி மாதத்து ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணி. முன்சீட்டில் அப்பா, பின்சீட்டில் அம்மாவும் பாட்டியும், ஸ்டீயரிங்கில் மகள். செங்கல்பட்டு தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. கழற்றி மாட்டிய வீலை ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது கணக்கு. சக்கரம் ஆறும்வரை எல்லாரும் டீ குடித்தார்கள். பாட்டி இரண்டு மெதுவடை வாங்கிக்கொண்டார்.

மகள் டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, நான்கு வீல், பதினாறு நட். பதினைந்து அசையவில்லை. பின்பக்க இடது வீலில், புதுப்பேட்டையிலிருந்து வந்த அந்த வீலில், ஒன்று மட்டும் கால் சுற்று திரும்பியது.

“திரும்பிச்சாம்மா?” என்றார் அப்பா, டம்ளரைக் கீழே வைக்காமல்.

“கொஞ்சூண்டுப்பா.”

“திரும்பி வர்றப்பவும் இங்கேயே நிறுத்து. டீ நல்லாருக்கு.”