முள் விழுந்த கதை

மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி பேரவைச் செயலாளர் அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டார். "கவிதைன்னா நாலு வரி போதும்டா" என்றார். எனக்குக் கவிதை வராது. தெரிந்தது லாரி ஒன்றுதான். அதனால் எங்கள் வண்டியில் ஆயில் பிரஷர் முள் ஆடிய கதையை எழுதுகிறேன். ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் தப்பு இருந்தால் நேரில் சொல்லவும். மற்ற பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்களுக்கு நாமக்கல் பக்கம். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். பதினாலு வயதில் கிளீனராக ஏறி, டிரைவராகி, 2019-ல் பைனான்ஸ் போட்டு ஒரு பழைய ஆறு சக்கர லாரியைச் சொந்தமாக்கினார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் மிக்ஸி சுற்றாவிட்டாலும் "படிக்கிற பையன் இருக்கான்ல, அவனைக் கேளு" என்பார்கள். மிக்ஸி எங்கள் பாடத்தில் இல்லை என்றால் அம்மா நம்பமாட்டார்.

2024 ஆடி மாதம் ஒரு ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். தொப்பூர் மேட்டில் தேர்டு கியரில் இழுக்கும்போது ஆயில் பிரஷர் முள் மெல்ல மெல்லச் சாய்ந்து கீழே வந்துவிட்டது. உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணியிருக்கிறார். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் முள் பழையபடி மேலே. மறுபடி மேடு, மறுபடி கீழே. நின்று நின்று போய் லோடை இறக்கிவிட்டு வந்திருக்கிறார்.

"முள்ளு விழுந்து விழுந்து எந்திரிக்குது கண்ணு. எனக்கு மனசே ஆறலை" என்றார்.

சிவப்பு லைட் எரிந்ததா என்று கேட்டேன். அது பல்பு போய் ரெண்டு வருஷம் ஆகிறதாம். (இதைப் படிக்கும் நண்பர்கள் வீட்டில் வண்டி இருந்தால், இன்றே சாவியைப் போட்டு அந்த லைட் எரிகிறதா என்று பாருங்கள்.)

பட்டறையில் பார்த்தவர்கள், "கிராங்க் பேரிங் தேஞ்சு போச்சுங்க, இன்ஜினை இறக்கோணும்" என்றார்கள். கிராங்க் கிரைண்டிங், பேரிங், லைனர் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம். எங்களிடம் ஏது? மறுநாள் காலையில் அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. கொடியைக் கழற்றித் துணியில் முடிந்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அடகுக் கடைக்குப் போவதாகப் பேச்சு. அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவசரத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முள் ஆடினால் பாதி நேரம் சென்டர் யூனிட்தான் காரணம் என்று படித்திருந்தேன். "இன்ஜின்ல ஒண்ணுமில்லைங்ப்பா, மீட்டர்தான் பொய் சொல்லுது" என்று அடித்துச் சொல்லி, புது சென்டர் யூனிட் வாங்கி மாட்டினேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டினோம். முள் அதே மாதிரி விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திங்கட்கிழமை எங்கள் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அளந்து பாக்காம பார்ட்ஸ் மாத்தறது வைத்தியமாடா?" என்று கேட்டுவிட்டு, லேபிலிருந்து மெக்கானிக்கல் பிரஷர் கேஜை எடுத்துக் கொடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார். பிறகு, "பம்ப் பிரஷரை உண்டாக்கறதில்லை, எண்ணெயைத் தள்ளுது, அவ்வளவுதான். போற வழி இடுக்கா இருக்கறதால பிரஷர் நிக்குது. பேரிங் தேஞ்சா வழி அகலமாயிடும். அப்ப முள்ளு எங்க விழும், எப்ப விழும்னு யோசிச்சிட்டுப் போ" என்றார். பஸ்ஸில் வீடு சேரும்வரை அதையேதான் யோசித்தேன்.

பேரிங் தேய்ந்திருந்தால் இன்ஜின் சூடாகி எண்ணெய் இளகியபின் ஐட்லிங்கில்தான் முள் படுக்கும். ரேஸ் பண்ணினால் பம்ப் அதிகம் தள்ளும், முள் ஏறும். அப்பா சொன்னதோ தலைகீழ். ரேஸ் கொடுக்கும்போதுதான் விழுகிறது.

கேஜின் மரை எங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. லேத் பட்டறையில் ஒரு நிப்பிள் கடைந்து வாங்கி, சென்டர் யூனிட்டைக் கழற்றிய துளையிலேயே மாட்டினோம். முதலில் டிப் ஸ்டிக். எண்ணெய் அளவு சரியாக இருந்தது. டீசல் கலந்து ஏறியிருக்குமோ என்று முகர்ந்தும் பார்த்தேன், டீசல் வாடை இல்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கினோம். ஐட்லிங்கில் 1.2 கிலோ. எங்கள் இன்ஜினுக்கு அது நல்ல அளவு. ரேஸ் பண்ணி 1,800 ஆர்.பி.எம்.மில் பிடித்தேன். 4-க்கு ஏறியது. அப்பா முகத்தில் வெளிச்சம். அரை நிமிஷம் கழித்து முள் நடுங்கத் தொடங்கியது. 3... 2... 1-க்கும் கீழே. ஆஃப் பண்ணச் சொல்லிக் கத்தினேன். ஐந்து நிமிஷம் விட்டு ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி 1.2.

பம்ப் எண்ணெயை வேகமாக உறிஞ்சும்போது ஏதோ வந்து வாயை அடைக்கிறது, நின்றதும் விலகிவிடுகிறது என்று பட்டது. காற்றை உறிஞ்சினாலும் முள் நடுங்கும். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து விழுவதும் நிறுத்தினால் சரியாவதும் அடைப்பின் குணம்.

"ஏனுங்ப்பா, சேம்பரை எப்பவாவது கழட்டினீங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாசி மாசம் சேம்பர் பேக்கிங் ஒழுகுச்சு. வழியில ஒரு பட்டறைல மாத்தினோம். மறுபடி ஒழுகப்படாதுன்னு பேஸ்ட்டை நல்லா அப்பச் சொன்னேன். நாந்தான் சொன்னேன்" என்றார்.

பில்டரைக் கழற்றி அறுத்துப் பார்த்தோம். காகித மடிப்புகளில் உலோகப் பளபளப்பு இல்லை. கருப்பு ரப்பர் மாதிரி துணுக்குகள் இருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா எத்தனை நேரம் நின்றார் என்று தெரியாது.

பட்டறை அண்ணனையே கூப்பிட்டோம். அவரும் கேஜைப் பார்த்தபின் மறுத்துப் பேசவில்லை. எண்ணெயை வடித்துச் சேம்பரை இறக்கினோம். ஜல்லடையில் பேஸ்ட் நூல் நூலாகப் பிய்ந்து, பழைய துணிக் கந்தல் போல ஒட்டிக்கொண்டிருந்தது. சேம்பர் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக விரல் மொத்தத்துக்குப் பிதுங்கிய பேஸ்ட். இறுக்கும்போது வெளியே எவ்வளவு வழிகிறதோ அவ்வளவு உள்ளேயும் வழியும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இறக்கியதே இறக்கினோம் என்று ஒரு கனெக்டிங் ராடு கேப்பையும் கழற்றினார் அண்ணன். ஷெல்லில் மெல்லிய கீறல்கள் இருந்தன. மேட்டில் முள் விழுந்த நேரங்களில் பட்டதாக இருக்கும். செம்பு தெரியவில்லை. "ஓடும். ஆனா இதை மறந்துறாதீங்க" என்றார் அண்ணன். எல்லாவற்றையும் கழுவி, புது பேக்கிங் போட்டு, பேஸ்ட்டை மூலைகளில் மட்டும் மெல்லிசாகத் தடவி, புது பில்டரும் எண்ணெயும் ஊற்றி முடிக்க ராத்திரி பதினொன்று. கூலியும் எண்ணெயும் சேர்த்துப் பதிமூவாயிரம் ஆனது. சிவப்பு பல்பையும் மாற்றினோம்.

பத்து நிமிஷம் ரேஸில் பிடித்தோம். முள் 4-லேயே நின்றது. வாசலில் நின்று பார்த்த அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் கொடி இருந்தது.

கேஜை லேபில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சார் கேட்ட முதல் கேள்வி, "ஷெல்லு எப்படி இருந்துச்சு?" சொன்னேன். "ஐட்லிங் அளவை எழுதி வை" என்றார். என் நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். அப்பாவே ஒரு கேஜ் வாங்கி கேபினுக்குள் நிரந்தரமாக மாட்டிவிட்டார். தூரத்து லோடு போனால் நிறுத்துமிடத்திலிருந்து போன் வரும். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "கண்ணு, எழுதிக்க. ஓட்டத்துல மூணே முக்கா. ஐட்லிங்ல ஒண்ணு பாயிண்டு ஒண்ணு" என்பார்.