இழை அறுந்தால் நிற்கும் தறி

அனந்தபுரத்திலும் ரயில் கிடையாது, செஞ்சியிலும் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு இருப்புப் பாதை வரும் என்ற பேச்சைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எனவே வளைகுடாவுக்குச் செல்லும் மகனை வழியனுப்பவோ, உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர்களைச் சென்னை விமான நிலையத்தில் சேர்க்கவோ, நள்ளிரவில் நோயாளியைப் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லவோ நமக்குச் சாலை ஒன்றே துணை. சென்னை 150 கிலோமீட்டருக்கு மேல். பயணத்துக்கு முதல் நாள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “வண்டி வழியில் நின்றுவிடாதே?” “இன்னோவா சொல்லியிருக்கிறோம்” என்று பதில் வந்துவிட்டால், அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. துஆச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

கடல் கடந்த ஒரு நாட்டாரின் வாகனப் பெயர் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு கேள்விக்கு விடையாக நிற்பது சிறிய செய்தியன்று. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அது எந்த அளவுக்குத் தகும் என்று ஆராய்ந்து பார்ப்பதில் தவறில்லை.

வழியில் நிற்காத வண்டி என்று பெயர் வாங்கிய டொயோட்டா நிறுவனத்தாரின் முன்னோர், முதலில் பெயர் வாங்கியது தானே நின்றுவிடும் ஒரு பொறிக்காக என்பது பலர் அறியாதது. அவர்கள் தொடக்கத்தில் மோட்டார்காரர்கள் அல்லர், தறிக்காரர்கள். நெசவையும் ஜவுளியையும் தலைமுறையாக அறிந்த நம் சமுதாயத்தாருக்கு இது கேட்கச் சுவையாக இருக்கும்.

சாகிச்சி டொயோடா என்பவர் 1867ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைக் கண்டு வளர்ந்தவர் அவர். 1891இல் மரத்தாலான கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் விசைத்தறி ஒன்றை அமைத்தார். அதில்தான் அவருடைய நுட்பம் வெளிப்பட்டது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ அந்தத் தறி தானாகவே நின்றுவிடும். இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். தறியை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். இழை அறுந்தது தெரியாமல் ஓடும் தறி, சும்மா ஓடுவதில்லை. முழத்துக்கு முழம் பழுதை நெய்துகொண்டே போகிறது. மாலையில் துணியை விரித்துப் பார்க்கும்போதுதான் நட்டம் தெரியும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறியின் அருகிலும் ஓர் ஆள் கண் இமைக்காமல் நின்றாக வேண்டும். தன் குறையைத் தானே அறிவித்து நிற்கும் தறிக்கோ அத்தகைய காவல் தேவையில்லை. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

1924இல் சாகிச்சி தம் தானியங்கித் தறியை நிறைவு செய்தார். ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் திறன் அதற்கு இருந்தது. இழை அறுந்தால் மட்டும் நிற்கும். 1926இல் டொயோடா தானியங்கித் தறித் தொழிலகம் நிறுவப்பட்டது. 1929இல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்தார் ஒரு இலட்சம் பவுன் தருவதாகப் பேசி வாங்கினர். உலகுக்கெல்லாம் தறி விற்ற ஆங்கிலேயர், ஜப்பானியத் தச்சர் மகனின் தறிக்கு விலை பேசினர் என்றால் அதன் தரத்தை நாம் ஊகிக்கலாம்.

சாகிச்சியின் மகன் கிச்சிரோ 1933இல் அதே தறித் தொழிலகத்துக்குள் மோட்டார்ப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அது தனி நிறுவனமாயிற்று. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1935இல் வெளிவந்த அவர்களுடைய முதல் லாரிகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அடிக்கடி பழுதாகி வழியில் நின்றன. ஆள் அனுப்பிச் சரிசெய்வதே பெரும் வேலையாக இருந்தது. 1957இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரௌன் என்னும் காரும் அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறிற்று. சில ஆண்டுகளில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆக, நம்பகம் என்பது அவர்களுக்குப் பிறப்போடு வந்த வரம் அன்று.

அதை அவர்கள் ஈட்டிய வழி, பழைய தறியின் வழியேயாகும். தாய்ச்சி ஓனோ என்னும் பொறியாளர் தொழிற்சாலையில் ஓர் ஒழுங்கை வளர்த்தெடுத்தார். வண்டிகள் வரிசையாக உருவாகும் இடத்தில் ஒரு கயிறு தொங்கும். வேலை செய்பவர் எவரேயாயினும், குறை ஒன்றைக் கண்டால் அக்கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். மேலாள் ஓடி வருவார். உடனே தீராவிட்டால் வரிசையே நிறுத்தப்படும். குறையைக் கண்டும் சொல்லாமல் வண்டியை அடுத்தவரிடம் தள்ளிவிடுவதே குற்றம். கண்ட குறைக்கு “ஏன்?” என்று ஐந்து முறை கேட்டு வேரைத் தேடவேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய முறை. கடைநிலைத் தொழிலாளி கைநீட்டிப் பெருந்தொழிற்சாலையை நிறுத்தலாம் என்ற அந்த உரிமையை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டுக் கடைகளில் எத்தனை முதலாளிகள் அக்கயிற்றைத் தொங்கவிட ஒப்புவார்கள்?

இந்தப் பெயர் நமக்கு வந்து சேர்ந்தது அரபு மண்ணின் வழியாகத்தான். 1955இல் ஜித்தாவில் அப்துல் லத்தீஃப் ஜமீல் அவர்களின் வணிக நிறுவனம் டொயோட்டா வண்டிகளை விற்கத் தொடங்கிற்று. 1970களில் நம் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வளைகுடா சென்றபோது, மணலிலும் வெயிலிலும் அயராமல் ஓடும் லேண்ட் குரூசரையும் ஹைலக்ஸையும் கண்டார்கள், ஓட்டினார்கள். விடுமுறையில் ஊர் வரும்போது அத்தருடனும் ரேடியோவுடனும் அந்தப் பெயரையும் கொண்டு வந்தார்கள். 1980களில் வேறொரு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சிறு லாரிகளாக டொயோட்டா இந்தியாவுக்கு வந்ததுண்டு, அது நிலைக்கவில்லை.

1997இல் கிர்லோஸ்கர் குழுமத்தாரோடு சேர்ந்து பெங்களூருக்கு அருகே பிடதியில் தொழிற்சாலை அமைத்தார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் குவாலிஸ் வெளிவந்தது. அதற்கு முன்னோடி இந்தோனேசியாவின் கிஜாங். அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்கு மான் என்று பொருள். 1977 முதல் அங்கே குடும்பம் குடும்பமாக ஏற்றிச் சென்ற வண்டி அது. குவாலிஸைக் கண்ட நகரத்து ரசிகர்கள், “இது என்ன, பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல!” என்று நகைத்தார்கள். மானின் அழகு அதற்கு இல்லைதான். ஆனால் நிக்காஹுக்குச் செல்லும் ஒரு குடும்பம், பாட்டி முதல் பாலகன் வரை, பிரியாணிச் சட்டியோடு அதில் அடங்கிற்று. அழகைப் பற்றிய விவாதம் அத்தோடு முடிந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டு வந்தனர். 2016இல் கிரிஸ்டா வந்தது.

செஞ்சி வட்டாரத்தில் இவ்வண்டிகளை வைத்திருப்போரிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் புகழ்வதில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. வேகத்தையோ சொகுசையோ அவர்கள் முதலில் சொல்வதில்லை. “காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும்” என்பதே முதல் வாக்கியம். நான்கு இலட்சம், ஐந்து இலட்சம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சினைப் பிரிக்காத வண்டிகளைப் பற்றிப் பேசும்போது, பிள்ளைகளின் மார்க்குகளைச் சொல்லும் தந்தையரின் குரல் அவர்களுக்கு வந்துவிடுகிறது. வாடகை வண்டிக்காரருக்கு வண்டி நிற்கும் நாள் வருமானம் நிற்கும் நாள்; மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. முகூர்த்த நாளில் வழியில் நின்ற வண்டிக்காரரை அடுத்த முகூர்த்தத்துக்கு எவரும் அழைப்பதுமில்லை.

குறைகளையும் அவர்கள் ஒளிப்பதில்லை. விலை அதிகம். அசல் உதிரிப் பாகத்தின் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். பழைய இன்னோவாவின் டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் என்று ஒன்று உண்டு. குறித்த தூரம் ஓடியதும் அதை மாற்றவேண்டும் என்று எதிரிலுள்ள பலகையில் விளக்கு தானே எரியும். தறி நின்றதன் இக்கால வடிவம் என்றே அதைச் சொல்லலாம். “டொயோட்டாவுக்கு ஒன்றும் ஆகாது” என்று அவ்விளக்கை அலட்சியம் செய்தவர்களுக்கு எஞ்சினே போயிற்று. நம்பகமான பொருள் மனிதனைச் சோம்பேறியாக்கும் அபாயம் இங்கே இருக்கிறது. இன்னொரு மயக்கமும் உண்டு. நிற்காத வண்டி வேறு, ஆபத்தில்லாத வண்டி வேறு. அளவுக்கு மேல் ஆளேற்றி, உறங்காத ஓட்டுநரை இரவெல்லாம் விரட்டிச் சென்றால், எந்த நாட்டார் செய்த வண்டியும் காப்பாற்றாது.

செஞ்சிக்காரர்களுக்கு வாகனத்தின் மேல் நம்பிக்கை வைப்பது புதிதன்று. தேசிங்குராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எவராலும் அடக்க முடியாத குதிரையை அவர் அடக்கியதாகக் கதை பேசும். ஆனால் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து அவர் மடிந்த போரில், குதிரையை விடப் பெரிய துணையாகக் கதை கொண்டாடுவது அவருடைய முஸ்லிம் தோழரைத்தான். தம் திருமணத்தை விட்டுவிட்டு அவர் போர்க்களம் வந்தாராம். கதையில் எவ்வளவு வரலாறு என்பது இருக்கட்டும். நம்பகம் என்னும் சொல்லை நம் ஊர் எந்த இடத்தில் வைத்துப் பார்த்தது என்பதற்கு அது சான்று.

நாம் சொல்ல வந்ததன் கடினமான பகுதி இனிமேல்தான். 2009, 2010ஆம் ஆண்டுகளில் வேக மிதியிலும் தரைவிரிப்பிலும் இருந்த குறைகளுக்காக டொயோட்டா இலட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சாகிச்சியின் கொள்ளுப்பேரர் அக்கியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று வருத்தம் தெரிவித்தார். அக்குறைகளைப் பற்றி மக்களுக்குச் சரியாகச் சொல்லாததற்காக 2014இல் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. 2023 டிசம்பரில் அதன் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு செய்து வந்தது வெளியாயிற்று.

அடுத்த மாதமே, 2024 ஜனவரி இறுதியில், டீசல் எஞ்சின்கள் மூன்றின் குதிரைத்திறன் சோதனையிலும் முறைகேடு நடந்ததாக அறிவித்தார்கள். விற்பனைக்குச் செல்லும் எஞ்சினில் உள்ள மென்பொருளை வைக்காமல், எண்கள் ஏற்ற இறக்கமின்றி அழகாகத் தெரியும்படி வேறொன்றை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளை அனுப்புவது சில நாட்கள் நிறுத்தப்பட்டது. வண்டிகளின் திறனில் குறைவில்லை, ஓட்டுவோர் அஞ்சவேண்டியதில்லை என்று நிறுவனம் கூறிற்று. பிப்ரவரியில் மீண்டும் அனுப்பத் தொடங்கினர். நம் வட்டார ஓட்டுநர்கள் அந்நாட்களிலும் வழக்கம்போல் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த எஞ்சின்களைச் செய்து, சோதனையைப் பிசகாக நடத்தியது எந்த நிறுவனம்? டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். 1926இல் சாகிச்சியின் தறிக்காக நிறுவப்பட்ட அதே தொழிலகத்தின் இன்றைய பெயர் அது. இழை அறுந்தால் நிற்கும் தறியைச் செய்தவர்களின் வீட்டிலேயே இழை அறுந்திருக்கிறது, தறி நிற்கவில்லை.

செஞ்சியின் நெல் மண்டியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதற்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அண்ணலார் கேட்டார்கள். நனைந்ததற்காக அவ்வியாபாரி கண்டிக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். மழை எவர் குவியலையும் நனைக்கும். 1935இன் லாரி பழுதானதும் அத்தகையதே. ஈரத்தை அடியில் வைத்தபோதுதான் அமானிதம் முறிந்தது.

ஜப்பானியரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம் கைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. நம் பகுதியில் புது இன்னோவா வாங்குவோர் சிலர். பழையது வாங்குவோரே பலர். வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில், இனி ஊரோடு இருந்து பிழைக்கலாம் என்று வாங்குகிறவர்களும் அவர்களுள் உண்டு. அந்தச் சந்தையில் மீட்டரைத் திருப்பி வைப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. நான்கு இலட்சம் ஓடிய வண்டி ஒரே இரவில் ஒன்றரை இலட்சம் ஆகிவிடும். விற்பவர் டொயோட்டாவின் பெயரைச் சொல்லியே விற்கிறார். மீட்டர் சொல்லும் பொய்யை நம்பி வாங்கியவர், பெல்ட்டை மாற்றும் காலம் கடந்துவிட்டது தெரியாமல் ஓட்டுகிறார். இதைச் செய்பவர் ஐவேளையும் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பவராகவும் இருந்துவிடுகிறார்.

நமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இரண்டாண்டுக்கு முன் தம் பழைய வண்டியை விற்றார். மீட்டரில் 4,60,000 கிலோமீட்டர். இரண்டு இலட்சத்துக்குள் ஆக்கிவிட்டால் எழுபதாயிரம் கூடக் கிடைக்கும் என்றார் தரகர். அவர் இணங்கவில்லை. வாங்க வந்த திருவண்ணாமலைக்காரரை உட்கார வைத்து, வயதாகிவிட்ட வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்: காலைக் குளிரில் இரண்டாம் கியர் கடினமாக விழும், பின்னிருக்கைக்குக் குளிர்காற்று போதாது, இடப்பக்கக் கதவு ஒருமுறை அடிபட்டு வண்ணம் பூசியது. ஆயிலும் பெல்ட்டும் மாற்றிய நாட்களைக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருபதாயிரம் குறைத்துக் கேட்டு, வண்டியை எடுத்துச் சென்றார். தரகர் அவருடன் இன்னும் பேசுவதில்லை.