மூட்டைக்கு எத்தனை மியூ?

சாய்தளக் கணக்கில் வரும் மரக்கட்டையை இதுவரை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? பிளஸ் ஒன் இயற்பியலில் அது ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். எங்கிருந்து வந்தது, கீழே போய் யார் மேல் மோதியது என்று ஒரு வரி இருக்காது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டைக்குப் பதில் நூல் மூட்டை. அது மோதிய இடம், அப்பாவின் இடது முழங்கால்.

ஊர் சாமளாபுரம். சோமனூருக்குப் பக்கம், நொய்யல் கரை. வெளியூர்க்காரர்களுக்குக் குளமும் அங்கே வரும் பறவைகளும் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தறிச் சத்தம்தான் ஊர். அப்பாவுக்கு எட்டுத் தறி, கூலிக்கு நெசவு. பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுத்துவிடுவார், நெய்து துணியாகத் திருப்பித் தரவேண்டும். ஊடை நூல் கோன்களாக, 60 கிலோ மூட்டையில் டெம்போவில் வரும். டெம்போவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பலகையைச் சாய்த்து, மேலிருந்து டிரைவர் தள்ளிவிட, கீழே அப்பா முழங்காலை முட்டுக் கொடுத்து நிறுத்துவார். இருபது வருடப் பழக்கம். போன மழைக்காலத்தில் முட்டி வீங்கி, சவ்வு விலகியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் முட்டுக் கொடுக்கக் கூடாது. ஆள் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் கிடைக்கிற கூலியில் இறக்குக்கூலி எங்கே கட்டுப்படியாகும்?

சித்தப்பா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்து, "அக்கா, இயக்க உராய்வுக் குணகம் 0.3-ன்னு விடை வருது. 0.3 என்னது? கிலோவா, மீட்டரா?" என்று கேட்டாள். எனக்குப் பிடித்த கேள்வி அது. அதற்கு அலகே கிடையாது. மூட்டை பலகையை அழுத்துகிற விசையில் பத்தில் மூன்று பங்கு, வழுக்கலை எதிர்த்து நிற்கிறது என்று அர்த்தம். "அப்ப நம்ம பலகைக்கு எவ்வளவு?" என்றாள். அங்கேதான் ஆரம்பித்தது.

டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலையில் பாதி, வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டுவது. செல்போன் வீடியோவில் நொடிக்கு 30 ஃபிரேம். ஸ்டாப்வாட்சை அமுக்குகிற விரலைவிட அதை நம்பலாம்.

பலகையின் நீளம் 2.5 மீட்டர். டெம்போ தளத்தின் உயரம் 1 மீட்டர். உயரத்தை நீளத்தால் வகுத்தால் 0.4, அதுதான் சைன். கோணம் ஏறக்குறைய 23.6 டிகிரி, அதற்குக் காஸ் 0.916. பலகையில் சாக்பீஸால் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டோம். மூட்டையின் முன்விளிம்பை மேல்கோட்டில் வைத்துப் பிடித்து, தள்ளாமல் கையை மட்டும் எடுக்கவேண்டும். கீழே அப்பாவுக்குப் பதில் பழைய டயர் இரண்டு.

"என்ன அம்மிணி, மூட்டைய வீடியோ புடிக்கறீங்க?" என்றார் அப்பா, கட்டிலில் காலை நீட்டியபடி.

ஐந்து முறை விட்டோம். 53-லிருந்து 56 ஃபிரேம் வரை வந்தது, பெரும்பாலும் 54. அதாவது 1.8 நொடி. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் பொருளுக்கு, தூரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம். 4-ஐ 3.24-ஆல் வகுத்தால் 1.23. உராய்வே இல்லாத பலகையாக இருந்தால் 9.8-ஐ 0.4-ஆல் பெருக்கி 3.92 வந்திருக்கவேண்டும். காணாமல் போன 2.69-தான் உராய்வு தின்றது. அதை 9.8 பெருக்கல் காஸ், அதாவது 8.98-ஆல் வகுத்தால் 0.3. புத்தகத்தில் வந்த அதே எண். தற்செயல்தான், ஆனால் தங்கச்சி குதித்துவிட்டாள்.

60 கிலோ மூட்டைக்கு விசையாகச் சொன்னால், கீழே இழுப்பது 235 நியூட்டன், உராய்வு தடுப்பது 161. மிச்சம் 74 நியூட்டன்தான் மூட்டையை ஓட வைக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் பலகையின் அடிக்கு வரும்போது வேகம் நொடிக்கு 2.2 மீட்டர், மணிக்கு 8 கிலோமீட்டர். 60 கிலோ ஆள் ஒருவர் மெல்லோட்டமாக வந்து முட்டியில் மோதுவது மாதிரி. ஒரு லோடுக்கு எத்தனை முறை என்று நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

அப்பாவுக்கு ஒரு விஷயத்தில் நம்பிக்கை வரவில்லை. "கனத்தப் பொறுத்துத்தான சாமி. கனமான மூட்டைன்னா வெரசா வரும்." இல்லைங்கப்பா என்று சொல்வதற்குப் பதில், பாதி காலியான மூட்டையை விட்டுக் காட்டினோம். 55 ஃபிரேம். கனம் கூடினால் இழுப்பும் கூடும், அழுத்தமும் அதே அளவு கூடும், அதனால் உராய்வும் கூடும். முடுக்கக் கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. ஆனால் மோதும் அடி அப்படியில்லை, கனமான மூட்டைதான் வலிக்கும். அப்பாவின் முட்டி அதைத்தான் நினைவில் வைத்திருந்திருக்கிறது.

இந்த விதி பழசு. உராய்வு, அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பிரான்சில் அமோந்தோன் 1699-ல் சொன்னார். ஓய்வுநிலை உராய்வு வேறு, இயக்க உராய்வு வேறு என்பதைச் சாய்தளத்தை வைத்தே விளக்கியவர் கணித மேதை ஆய்லர். கூலும், ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் மரத்தின் மேல் மரத்தை இழுத்துப் பார்த்து எழுதிய ஆய்வு 1785-ல் வெளியானது. கட்டிய கப்பலைச் சறுக்குத் தளத்தில் கடலுக்குள் இறக்க அவர்களுக்கும் இந்த எண்தான் தேவைப்பட்டது.

ஆய்லர் சொன்னதையும் பார்த்துவிட்டோம். பலகையின் மேல்முனையைக் கப்பிக் கயிற்றில் கட்டி, மூட்டையோடு மெல்ல உயர்த்தினோம். 85 சென்டிமீட்டர் வரை அசையவே இல்லை. அங்கே தானாகக் கிளம்பியது. அந்தக் கோணத்தின் டேன் 0.36, இது ஓய்வுநிலைக் குணகம். கிளம்பிய பிறகு மூட்டை நிதானமாக இறங்கவில்லை, வேகமெடுத்தது. நகரத் தொடங்கியதும் உராய்வு 0.36-லிருந்து 0.3-க்குக் குறைந்துவிடுவதால்தான்.

இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் எங்களுக்கு வேண்டிய கோணம் இருந்திருக்கும் என்று தோன்றலாம். இல்லை, டேன் சரியாக 0.3 வருகிற 16.7 டிகிரி போதும். அங்கே மூட்டை தானாகக் கிளம்பாது. டிரைவர் ஒரு தள்ளு தள்ளினால், தள்ளிய வேகத்திலேயே வரும், ஏறவும் ஏறாது. 1 மீட்டர் உயரத்துக்கு அந்தக் கோணம் வேண்டுமென்றால் பலகை 3.5 மீட்டர் இருக்கவேண்டும், பதினொன்றரை அடி.

கணக்கு முடிந்த இடத்தில் வேலை ஆரம்பித்தது. அவ்வளவு நீளப் பலகை நடுவில் தொய்யும், தொய்ந்தால் மேல்பாதியின் கோணம் கூடிவிடும். இரண்டு பலகையை போல்ட் போட்டு இணைத்து, நடுவில் ஹாலோபிளாக் கல்லால் முட்டுக் கொடுத்தோம். தரையில் கூடுதலாக ஒரு மீட்டர் இடம் வேண்டியிருந்தது. அம்மாவின் துளசி மாடம் தப்பியது, அப்பாவின் மொபெட் இடம் மாறியது.

இத்தனைக்கும் அப்பா சும்மா இருக்கவில்லை. "பிளாஸ்டிக் சாக்குக்குத்தான் இந்தக் கணக்கு. பழைய சணல் சாக்குல வந்தப்ப இவ்வளவு வழுக்காது. பலகைல பஞ்சு படிஞ்சிருந்தா வேற மாதிரி வரும்" என்றார். சரிதான். 0.3 என்பது இந்தப் பலகைக்கும் இந்தச் சாக்குக்கும் மட்டும். மழை நாளில் அதே மூட்டை பாதியில் நின்றது, தங்கச்சி கம்பால் தள்ளவேண்டியிருந்தது.

மூன்று லோடு இறக்கியாயிற்று. அப்பா இப்போது கீழே நிற்பதில்லை, பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கை பார்க்கிறார். முட்டி இன்னும் சரியாகவில்லை. போன வாரம் அவரே கேட்டார்: "எறக்கறதுக்குச் சொன்னீங்க. நெஞ்ச துணிய டெம்போல ஏத்தறதுக்கு?"

ஏற்றும்போது உராய்வு கட்சி மாறி, புவியீர்ப்போடு சேர்ந்து கீழே இழுக்கும், இரண்டையும் கூட்டவேண்டும். அதே 0.3 என்று வைத்தால், 60 கிலோ கட்டைப் பழைய பலகையில் மேலே இழுக்க 40 கிலோ தூக்கும் பலம் வேண்டும், புதியதில் 34. ஆனால் துணிக்கட்டுக்கு 0.3 வருமா என்று அளக்கவில்லை. தங்கச்சி சாக்பீஸோடு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறாள்.