விழித்திருப்பவரின் சாட்சியம்

குறட்டை விட்டு உறங்குவதை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொள்வது நம் வழக்கம். இதயம் தளர்ந்தவர்களின் இல்லங்களில் அவ்வழக்கம் ஆபத்தானது.

முதல் வெள்ளியன்று முத்தியால்பேட்டையில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு சென்றபோது, இதயநோயால் நடை தளர்ந்த முதியவர் ஒருவரின் மனைவி வாசல்வரை வந்து தணிந்த குரலில் சொன்னார்: "ராத்திரியில இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது சாமி. நின்னா எண்ண ஆரம்பிச்சிடுவேன். இருபது வரைக்கும் போகும்." மருத்துவரிடம் சொன்னீர்களா என்றேன். "அவருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

அந்த அம்மையார் எண்ணியதை மருத்துவ உலகம் நெடுநாளாக அறியும். 1818இல் டப்ளின் நகர மருத்துவர் ஜான் செய்னும், 1854இல் வில்லியம் ஸ்டோக்ஸும் இதனை எழுதி வைத்தனர். மூச்சு மெல்லத் தொடங்கி, விரைந்து பொங்கி, தணிந்து, அறவே நின்று, மீண்டும் தொடங்கும். நுரையீரலில் தேங்கும் நீர் மூச்சை விரைவுபடுத்துவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. தளர்ந்த இதயம் இரத்தத்தை மெதுவாகச் செலுத்துவதால் அச்செய்தி மூளைக்குத் தாமதமாகவே எட்டுகிறது. எட்டியதும் மூளை மூச்சை நிறுத்திவிடுகிறது. வேறு சிலருக்கோ தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுவழியை அடைக்கிறது. பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறி அவ்வழியை மேலும் நெருக்குகிறது. இரண்டிலும் உயிர்வளி குறைய, ஓய்வு கொள்ள வேண்டிய இதயம் இரவெல்லாம் போராடுகிறது.

இதயச் செயலிழப்பு உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவ்வகைத் தொல்லை உண்டு. பலருக்குப் பகலில் தூக்கக் கலக்கம்கூடத் தோன்றுவதில்லை.

எவ்வகைத் தடை என்பதை உறக்கப் பரிசோதனையே காட்டும். தொண்டை அடைப்பு உடையோருக்குக் காற்றழுத்தக் கருவி உதவக்கூடும். ஆனால் தாமாக வாங்கிப் பூட்டுதல் தகாது. 2015இல் வெளியான ஆய்வில், இதயத்தின் ஆற்றல் குன்றி, மூளைவழித் தடை கொண்டோரிடையே ஒருவகைக் கருவியால் இதய மரணங்கள் மிகுந்தன. இதயத்திற்குரிய மருந்துகளைச் செம்மைப்படுத்துவதே முதற்பணி. உறக்க மாத்திரைகளையும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது.

நோயிலும் உடனிருப்பேன் என்று பீடத்தின்முன் தந்த வாக்கை, எத்தனையோ துணைவியர் இருளில் மூச்செண்ணி நிறைவேற்றி வருகின்றனர். அவ்விழிப்பு அவர்தம் நெஞ்சோடு முடிந்துவிடலாகாது. கோரிமேட்டு ஜிப்மருக்கோ வேறு மருத்துவமனைக்கோ நோயாளர் புறப்படும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். மூச்சு எத்தனை நொடி நின்றது, இரவில் எத்தனைமுறை திணறி எழுந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உறங்குபவர் தம் உறக்கத்திற்குச் சாட்சியாக முடியாது. விழித்திருப்பவரே அதற்குச் சாட்சி.