ஸ்கோர் ஏறுது, மெயின் ஆஃப் ஆகுமா?

மூளையில் அடிபட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் கேம் வைத்துப் பயிற்சி கொடுப்பது நேற்று வந்த ஸ்டார்ட்அப் ஐடியா மாதிரி தோன்றலாம். 1980-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில், பாலோ ஆல்டோ முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், வில்லியம் லிஞ்ச் என்ற உளவியலாளர் வீடியோ கேம்களைத் தலைக்காயம் பட்டவர்களின் சிகிச்சையில் பயன்படுத்தினார். நம்ம அப்பா அம்மா ஸ்கூலுக்குப் போன காலம். கவனம், ஞாபகம், திட்டமிடும் திறன் இதையெல்லாம் திரையில் பயிற்சி செய்து மீட்க முடியுமா என்பதுதான் அன்றைய கேள்வி. இன்றைக்கும் அதேதான் கேள்வி. டிவி போய் டேப் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்கு அந்தக் கேள்வி போன வருஷம் வந்தது. சித்தப்பா ஒயர்மேன். பைக் விபத்தில் தலையில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கை கால் நன்றாக இருந்தது, பேச்சும் தெளிவு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்லாத்தானே இருக்காரு"ன்னு சொல்லிவிட்டுப் போனார்கள். கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும். டீ குடித்த பத்து நிமிஷத்தில் "இன்னும் டீ போடலையா?" என்பார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். ஒரு வேலைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால், முதல் வேலை மனசிலிருந்தே அழிந்துவிடும்.

யாரோ ஒரு ஆப்பைச் சொன்னார்கள். கலர் வரிசையை ஞாபகம் வைத்து அழுத்த வேண்டும், லெவல் லெவலாகப் போகும். ஆரம்பத்தில் 40, ரெண்டு மாசத்தில் 90. சித்தப்பா டேப்பைத் தூக்கிக் காட்டினார்: "பாரு, 90. எனக்கு ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."

சித்தி ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸ்கோர் ஏறுது சரி. போர்டைத் திறக்கறதுக்கு முன்னாடி மெயின் ஆஃப் பண்ணுவாரா?"

யாரும் பதில் சொல்லவில்லை. நான் தேட ஆரம்பித்தேன்.

மெஷின் லேர்னிங் லேபில் நமக்கெல்லாம் பழகிய விஷயம் ஓவர்ஃபிட்டிங். ட்ரெயினிங் டேட்டாவில் 99 சதவீதம், புது டேட்டா கொடுத்தால் மாடல் முழிக்கும். மூளைப் பயிற்சியிலும் இதே தலைவலி உண்டு. 2010-ல் ஏட்ரியன் ஓவன் குழு, பிபிசியோடு சேர்ந்து 11,430 பேருக்கு ஆறு வாரம் ஆன்லைன் பயிற்சி கொடுத்துப் பார்த்து, முடிவை நேச்சர் இதழில் வெளியிட்டது. எதைப் பயிற்சி செய்தார்களோ அதில் எல்லாரும் தேறினார்கள். பயிற்சி செய்யாத வேறு சோதனைகளுக்கு அந்த முன்னேற்றம் தாவவில்லை. 2016-ல் லுமோசிட்டி ஆப்பை நடத்தும் லூமோஸ் லேப்ஸ், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்ற புகாரில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஓவனின் ஆய்வில் இருந்தவர்கள் பொது ஜனங்கள். அடிபட்ட மூளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கவனக் குறைபாட்டுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி உதவக்கூடும் என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனா கீத் சிசெரோன் குழு இந்தத் துறையின் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தெளிவாகவே சொன்னது: தெரபிஸ்ட் யாரும் இல்லாமல் வெறுமனே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதைப் பரிந்துரைக்க முடியாது. ஆப் கலர் வரிசையைக் கற்றுக்கொடுக்கும். அந்தக் கவனத்தைப் போர்டு முன்னால் எப்படிப் பயன்படுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும்.

இன்னொரு சிக்கல் கேம்களின் வடிவத்திலேயே இருக்கிறது. தப்பாக அழுத்து, பீப் கேளு, மறுபடி முயற்சி செய். நமக்கு இது சரி, ஏன் தப்பு என்பது ஞாபகத்தில் நிற்கும். கடுமையான ஞாபக மறதி உள்ளவருக்கு பீப் மறந்துபோகும், தான் சொன்ன தப்பான பதில் மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். 1994-ல் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் இதைச் சோதித்தார்கள். தப்பு செய்யவே இடம் கொடுக்காமல், முதலில் சரியான பதிலையே சொல்லிக்கொடுத்தபோது அப்படிப்பட்டவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நியூரோபேஜ் கதை. லாரி ட்ரெட்கோல்ட் கலிஃபோர்னியாவில் ஒரு இன்ஜினியர். அவர் மகனுக்குத் தலைக்காயம். நியூரோசைக்காலஜிஸ்ட் நீல் ஹெர்ஷோடு சேர்ந்து அவர் உருவாக்கியதில் கேமும் இல்லை, லெவலும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், இடுப்பில் மாட்டும் ஒரு பேஜர். "மாத்திரை போடு", "சாப்பாடு கட்டு" என்று உரிய நேரத்துக்குச் செய்தி வரும். பார்பரா வில்சன் குழு இங்கிலாந்தில் 143 பேரிடம் இதைச் சோதித்து 2001-ல் வெளியிட்டது. கடைசிவரை இருந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பேஜர் இருந்தபோது அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். ஞாபகசக்தியைச் சரிசெய்யப் பார்க்காமல், மறந்தாலும் வேலை நடக்கிற மாதிரி செய்துவிட்டார் அந்த அப்பா.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். சித்தி பெரிய ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. எங்களுக்குக் கிடைத்த தெரபிஸ்ட் அதையே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒரு பலகையில் கரண்ட் இல்லாத சுவிட்ச் போர்டு. "முதல்ல என்ன செய்யணும்?" என்று சித்தப்பாவிடம் யாரும் கேட்பதில்லை. "முதல்ல பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில போடுங்க" என்று சொல்வோம், அவர் செய்வார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதைப் பாதியாகக் குறைத்தோம். இப்போது "முதல்ல..." என்றாலே கை பியூஸுக்குப் போகிறது. பை கனமாக இருந்தால்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவார். தனியாக வேலைக்கு இன்னும் போகவில்லை. கூட ஒரு பையன் போகிறான். எப்போது தனியாகப் போவார் என்பதற்கு எந்த ஆப்பிலும் பதில் இல்லை.

எங்க டீமின் பைனல் இயர் ப்ராஜெக்ட் இதிலிருந்துதான் வந்தது. வேலைக்கு ஏற்ற மாதிரி படிப்படியாக நினைவூட்டி, ஒழுங்காகச் செய்யச் செய்ய நினைவூட்டலைக் குறைத்துக்கொண்டே வரும் ஆப். முதல் ரிவ்யூவில் "வெறும் அலாரம் தானே, கேம் மாதிரி ஏதாவது சேர்க்கலாமே?" என்று கேட்டார்கள். சேர்க்கவில்லை. ஸ்கோர் போர்டும் இல்லை. அளப்பதற்கு எங்களிடம் இருப்பது சித்தி கிழித்துக் கொடுக்கும் தினசரி காலண்டர் தாள்கள். பின்பக்கத்தில் ரெண்டு வரிசைக் கோடுகள்: சொல்லிச் செய்தது, சொல்லாமல் செய்தது. ரிசல்ட்ஸ் சாப்டரில் வரப்போகும் ஒரே கிராஃப் அதுதான்.