ஒக்கியின் மேல் போட்ட பழி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து, ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்தப் புயலின் மேல் நான் ஒரு பொய்ப்பழி போட்டேன்.

அந்த வருடம் சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வயதான அண்ணாவி ஒருவர் வில்லுப்பாட்டில் நீலி கதை பாடினார். வீசுகோல் நாணில் விழ, குடமும் உடுக்கும் சேர்ந்து முழங்க, விடியவிடியப் பாடியதைக் கேமராவில் பதிந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரமாக வைப்பதாக அவரிடமே சொன்னேன். வைக்கவில்லை. நேரமில்லாமல் அல்ல, சோம்பல். ஆவணியில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு கார்டில் இடம் வேண்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல் ஃபார்மட் அடித்தேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் மீட்டிருக்கலாம். சாதாரண ஃபார்மட்டில் அழிவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான். மேலே புதிதாக எதுவும் பதியாதவரை பழைய பதிவு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நானோ அதன்மேல் கல்யாணத்தை முழுக்கப் பதிந்தேன். பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டியபோது, பெயர் போய் வெறும் எண்களோடு சில துண்டுகள் வந்தன. ஒன்றில் மட்டும் அவர் குரல். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி ஊர்ச்சபைக்கு நியாயம் கேட்க வரும் இடம். சபை வாய்திறக்கும் முன்பே அறுந்துவிடுகிறது.

மார்கழியில் அண்ணாவி காலமானார். அவர் மகன் வந்து, "அப்பாவுக்க பாட்டு கெடக்கா அண்ணே?" என்றான்.

"ஒக்கில கம்ப்யூட்டர் போச்சு மக்கா."

"சாரமில்ல அண்ணே. கடலுக்குப் போனவங்களே வரல்ல" என்று அவன் என்னைத் தேற்றினான்.

கார்டை அழித்தது கவனக்குறைவு. இந்தப் பொய் துரோகம். மீண்ட துண்டைக் கொடுத்தால் பொய் வெளிப்படும் என்று அதையும் ஒளித்து வைத்தேன். தகப்பனின் குரல் என் மேசையில் இருக்க, மகன் அது இல்லையென்றே நம்பிக்கொண்டிருந்தான். இப்போது எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி, துண்டையும் கொடுத்துவிட்டேன்.

கொடை நடந்த அன்றிரவு கோயில் முற்றத்தில் பலர் செல்போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய போன் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அழித்துவிட்டதாகத் தோன்றினாலும், மெமரி கார்டில் புதிதாக எதையும் பதியாமல் கழற்றித் தாருங்கள். அவனுக்கு மீதிப் பாட்டு வேண்டும்.