வட்டத்தின் ஓரம்

திங்கள், இரவு

சிலம்பக் கழகத்தின் சின்னம் இன்று வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. பழைய லெட்டர்ஹெட்டை யாரோ கைபேசியில் படம் பிடித்து, அது குழு குழுவாகச் சுற்றி, கடைசியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கி என்னிடம் வந்திருக்கிறது. வெளியே ஒரு வளையம். உள்ளே கம்பு சுழற்றும் ஒரு பெண். கம்பு வீசிய தடத்தைக் காட்டப் பிறை வடிவில் ஒரு வீச்சு. வளையத்தை ஒட்டிக் கழகத்தின் பெயர். "பனியன்ல போடணும்மா, பைக்ல ஒட்ட ரேடியம் ஸ்டிக்கர் வேணும், அப்புறம் குரூப்புக்கு டிபி" என்று ஆசான் குரல் பதிவில் சொல்லியிருந்தார்.

பெரிதாக்கிப் பார்த்தால் வளையத்தின் ஓரம் பல்லுப் பல்லாக இருக்கிறது. பற்களைச் சுற்றி வெளிர்சாம்பல் நிறத்தில் அழுக்கு. அது ஜேபெக்கின் வேலை. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைக் குறைத்துத்தான் ஃபைலைச் சுருக்குகிறது. முகத்திலும் வானத்திலும் அந்த இழப்பு கண்ணுக்குப் படாது. கறுப்பு சட்டென்று வெள்ளையாக மாறும் இடத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

கடையில் என்னிடம் வேலை பழகும் தம்பி, "ஷார்ப்பன் போட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்று கேட்டான். ஷார்ப்பன் செய்வது ஒன்றே ஒன்று: வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுவது. ஓரம் எது, அழுக்கு எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே எடுப்பாக்கும். இந்தப் படத்தை அடி லேயரில் மங்கலாக வைத்துக்கொண்டு, மேலே முழுக்கப் புதிதாக வரைவதுதான் வழி. நம் ஊர்ச் சின்னங்களில் பாதி இப்படி நகலின் நகலாகவே உயிர் பிழைத்திருக்கின்றன. கழகம், சங்கம், பள்ளி என்று யாரிடம் கேட்டாலும் மூலக் கோப்பு இருக்காது. இந்த ஒன்றுக்காவது சரியான மூலம் செய்து கொடுக்க வேண்டும்.

செவ்வாய்

தம்பிக்கு ஜிம்ப் என்கிற வரைகலை மென்பொருளில் முதல் பாடம். பென்சில் டூலால் ஒரு வட்டம், பெயின்ட்பிரஷ்ஷால் ஒரு வட்டம், பக்கத்தில் பக்கத்தில். பென்சில் வட்டம் படிக்கட்டாக நின்றது. பிரஷ் வட்டம் வழவழவென்று இருந்தது. "ரெண்டும் ஒரே சைஸ்தானக்கா, அப்புறம் ஏன்?" என்றான். இரண்டையும் 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். பென்சிலில் ஒரு பிக்சல் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. பிரஷ்ஷில் ஓரத்துப் பிக்சல்கள் மட்டும் விதவிதமான சாம்பல்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆரம் 50 பிக்சல் உள்ள வட்டம் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 7,850 பிக்சல். அதன் கோடு குறுக்கே வெட்டிச் செல்லும் பிக்சல்கள் ஏறத்தாழ 400. வழவழப்பு முழுக்க இந்த 400 பிக்சல்களின் பொறுப்பு. ஒரு பிக்சலில் 30 சதவீதத்தை வட்டம் மறைக்கிறது என்றால் அந்தப் பிக்சலுக்கு 30 சதவீதம் மை. அவ்வளவுதான் ஆன்டி-அலியாசிங். பிக்சலை உடைத்து அரைப் பிக்சல் ஆக்க முடியாது. ஆனால் எவ்வளவு பரப்பு மறைந்தது என்பதை நிறத்தில் எழுதிவைக்கலாம். தள்ளி நின்று பார்க்கும் கண் அதைக் கோடாக வாசித்துக்கொள்கிறது. கணினி வரைகலையில் இந்தப் படிக்கட்டுச் சிக்கலை விரிவாக ஆராய்ந்து ஃபிராங்க் குரோ 1977-இல் கட்டுரை எழுதினார். இன்று ஒவ்வொரு கைபேசித் திரையிலும் எழுத்துகள் வழவழப்பாகத் தெரிவது அந்தக் காலத்து ஆராய்ச்சிகளின் பயன்.

வட்டத்தில் எந்த இடம் முதலில் காட்டிக்கொடுக்கும்? பக்கவாட்டில் 45 பாகையில் இருக்கும் ஓரம் என்றுதான் தம்பி நினைத்தான். உண்மையில் உச்சியும் அடியும் இடமும் வலமும்தான். ஆரம் 50 உள்ள வட்டத்தின் உச்சியில் கோடு ஒரே ஒரு பிக்சல் இறங்குவதற்குள் இருபுறமும் பத்துப் பத்துப் பிக்சல் ஓடிவிடுகிறது. அதாவது உச்சியில் 20 பிக்சல் நீளத்துக்கு ஒரு தட்டை, அப்புறம் ஒரு படி. 45 பாகையில் படிகள் ஒன்றுக்கொன்று என்று சீராக விழுவதால் கண் மன்னித்துவிடும். நீளமான தட்டையைத் தொடர்ந்து வரும் படியை மன்னிக்காது. ஆன்டி-அலியாசிங் அங்கேதான் தன் முழு வேலையைக் காட்டுகிறது: அந்த 20 பிக்சலும் வெளிறிலிருந்து கறுத்து மறுபடி வெளிறுகின்றன.

ஃபெதர் என்கிற வசதியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். ஃபெதர் ஓரத்தைப் பல பிக்சல் அகலத்துக்குக் கரைத்துவிடும். நிழலுக்கும் ஒளிவட்டத்துக்கும் அது வேண்டும். சின்னத்துக்கு வேண்டாம். பல் தெரிகிறது என்று ஃபெதரைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. சுத்தமான ஓரத்தில் சாம்பல் ஒரு பிக்சல் அகலம்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கண் ஃபோகஸ் தேட ஆரம்பித்துவிடும்.

புதன்

வளையம் போட்டேன். கடையில் இருப்பது ஜிம்ப் 2.10. அதில் வட்டம், சதுரம் என்று தனி வடிவக் கருவி கிடையாது. செலக்ஷன் போட்டு நிரப்ப வேண்டும், அல்லது பாத் போட்டுக் கோடு இழுக்க வேண்டும். நீள்வட்டச் செலக்ஷன் போட்டு அப்படியே 'ஸ்ட்ரோக் செலக்ஷன்' கொடுத்தால் வளையம் வந்துவிடும் என்று தோன்றும். வரும், ஆனால் கரடுமுரடாக வரும். செலக்ஷனின் எல்லை பிக்சல் விளிம்புகளை ஒட்டி வளைந்து வளைந்து போவதால், அதன்மேல் ஓடும் கோடும் லேசாக முண்டு முண்டாகிவிடுகிறது.

நிரப்பும் வழிதான் நல்லது. பெரிய வட்டத்தைத் தேர்ந்து கறுப்பை நிரப்பு. உள்ளே சின்ன வட்டத்தைப் புதிதாகத் தேர்ந்து அழி. பெரியதையே 'ஷ்ரிங்க்' செய்து சின்னதாக்கினால் உள்ஓரத்தின் நயம் போய்விடும். அளவு கொடுத்து இரண்டாம் வட்டத்தையும் தனியாகவே போட வேண்டும். விட்டம் இரண்டும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். வெளியே 800, உள்ளே 720 என்றால் இரண்டுக்கும் மையம் ஒன்றே. உள்ளே 721 என்று வைத்தால் மையம் அரைப் பிக்சல் தள்ளிப்போகும். வளையத்தின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். பெரிய அளவில் தெரியாது. டிபி அளவுக்குச் சுருக்கும்போது, ஏதோ கோணலாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், எங்கே என்று அவர்களுக்குக் காட்டத் தெரியாது.

பிறை எளிது. ஒரு வட்டத்திலிருந்து கொஞ்சம் விலகிய இன்னொரு வட்டத்தைக் கழித்தால் பிறை. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இரண்டாவது செலக்ஷனை இழுத்தால் கழிந்துவிடும். நுனிகள் ஒரு பிக்சலுக்கும் மெல்லியதாகிச் சாம்பலாய்க் கரைந்து முடிகின்றன. கம்பு வீச்சுக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது.

வியாழன்

நேற்றுச் செய்தது எல்லாம் பிக்சல். திரைக்குப் போதும். ரேடியம் கடைக்குப் போதாது, பெண்ணின் உருவத்துக்கும் போதாது. அவள் தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கும் கோடு எந்த வட்டத்தின் பகுதியும் இல்லை. இன்று முழுக்கப் பாத் டூல்தான்.

பாத் என்பது பெசியே வளைவு. ரெனோ கார் நிறுவனத்தில் 1960-களில் கார் உடலின் வளைவுகளைக் கணினியில் எழுத பியர் பெசியே இதைப் பயன்படுத்தி உலகுக்குச் சொன்னார், பெயர் அவருக்குப் போனது. அதற்கு முன்பே, 1959-இல், சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ இதே வளைவுகளுக்கு வழி கண்டிருந்தார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. காஸ்தெல்ஜோவின் முறை தாளில் செய்துபார்க்கத் தக்கது. தம்பியிடம் ஸ்கேலையும் பென்சிலையும் கொடுத்தேன். நான்கு புள்ளி வை. அவற்றை வரிசையாக மூன்று கோடுகளால் இணை. மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகளையும் குறி. அவற்றை இரண்டு கோடுகளால் இணைத்து, அவற்றின் நடுப்புள்ளிகளைக் குறி. மிஞ்சுவது ஒரு கோடு. அதன் நடுப்புள்ளி வளைவின்மேல் இருக்கிறது. நடுவில் எடுத்ததைப்போலவே கால் பங்கில், முக்கால் பங்கில் எடுத்தால் வளைவின் மற்ற புள்ளிகளும் வரும். அவன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பொறுமையாகக் குறித்துக் குறித்து, கடைசியில் புள்ளிகளைச் சேர்த்தான். எங்கேயும் வளைந்த ஸ்கேல் இல்லை, காம்பஸ் இல்லை. நேர்கோடுகளிலிருந்து ஒரு வளைவு எழுந்து வந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வட்டத்தைப் பெசியேயால் அச்சு அசலாக எழுத முடியாது. அந்தச் சமன்பாட்டுக்கு அது எட்டாது. ஆனால் நான்கு நோடு (வளைவு கடந்துபோகும் புள்ளி) வைத்து, ஒவ்வொன்றிலும் வளைவின் போக்கைத் திருப்பும் கைப்பிடிகளை ஆரத்தில் 0.5523 பங்கு நீளத்துக்கு இழுத்தால், வட்டத்திலிருந்து விலகல் ஆரத்தில் 0.03 சதவீதத்துக்கும் குறைவு. என் வளையத்தின் ஆரம் 400. கைப்பிடி 221 பிக்சல். விலகல் பிக்சலில் பத்தில் ஒன்று. யார் கண்ணுக்கும் எட்டாது.

பெண்ணின் கைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எவ்வளவு நோடு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். வழவழப்பான கோட்டின் ரகசியம் அதுதான். வளைவு திசை மாறுகிற இடத்திலும், மிக அதிகமாக வளைகிற இடத்திலும் நோடு போதும். நடுவில் இருப்பதைக் கைப்பிடிகள் பார்த்துக்கொள்ளும். நோடு கூடக் கூட ஒவ்வொன்றும் கோட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும். தானாக டிரேஸ் செய்கிற மென்பொருள்களிடம் எனக்கு இருக்கும் மனக்குறையும் இதுதான். அழுக்குப் படத்தைக் கொடுத்தால் அழுக்கின் ஒவ்வொரு பல்லுக்கும் விசுவாசமாக ஒரு நோடு வைத்துத் திருப்பிக் கொடுக்கும்.

வெள்ளி

பனியன் போடுகிறவர் போன் செய்தார், ஃபிலிம் எடுக்கப் பெரிய ஃபைல் கேட்டு. அவருக்குச் சாம்பல் ஓரமே ஆகாது. ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒன்று மை விழும், அல்லது விழாது. ஆன்டி-அலியாசிங் செய்த படத்தைக் கொடுத்தால் அந்தச் சாம்பல் பிக்சல்கள் ஃபிலிமில் புள்ளிப் புள்ளியாக உடையும். அதனால் அதே பாத்தை 1200 டிபிஐயில் நிரப்பி, சாம்பலே இல்லாத வெறும் கறுப்பு-வெள்ளையாகக் கொடுத்தேன். பென்சில் டூலின் அதே படிக்கட்டுதான், ஆனால் ஒரு அங்குலத்தில் 1200 படி. கண்ணுக்கு அது படியே இல்லை. ஸ்கிரீன் வலைக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. வலை முரட்டுத்தனமாக இருந்தால் மை ஓரம் மறுபடி பல்லாகும். நெருக்கமான வலை போடச் சொல்லியிருக்கிறேன்.

இரவு ஆப்பிள் நிரலாளர் பில் அட்கின்சனைப் பற்றிப் படித்தேன். 1981-இல், மெக்கின்டாஷ் உருவாகிக்கொண்டிருந்த காலம். அதன் திரையில் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும் (1, 1+3=4, 1+3+5=9) என்ற பழைய உண்மையை வைத்து, வர்க்கமூலமே போடாமல் வட்டங்களை வேகமாக வரையும் நிரலை அவர் எழுதினார். ஸ்டீவ் ஜாப்ஸ் முனை மழுங்கிய செவ்வகமும் வேண்டும் என்று அடம்பிடித்து, சுற்றியிருக்கும் பொருள்களில் அந்த வடிவத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டே போனாராம். அடுத்த நாளே அட்கின்சன் அதையும் செய்து முடித்தார். சாம்பல் என்ற உதவியே இல்லாமல், எந்தப் பிக்சலைக் கறுப்பாக்குவது என்ற தேர்வு ஒன்றையே வைத்து அத்தனை அழகு. மரியாதையாக இருக்கிறது.

சனி

ரேடியம் கடை. ஜிம்ப்பிலிருந்து பாத்தை எஸ்விஜியாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் கொண்டுபோனேன். பாத் பட்டியலில் வலது கிளிக்கில் அந்த வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் கோரல்டிராவில் திறந்து, நோடுகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா மேடம்?" என்றார். பிளாட்டரின் கத்திக்குப் பிக்சல் என்றால் என்னவென்றே தெரியாது. அது கோட்டின்மேல் நடக்கும். ஆசானிடம் இருந்த வாட்ஸ்அப் படத்தை டிரேஸ் போட்டு முன்பே ஒன்று வெட்டியிருந்தார் அவர், எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நோடிலும் கத்தி நின்று திரும்பியிருக்கிறது. வளையத்தின் ஓரத்தை விரலால் தடவினாலே நெருநெருவென்று இருந்தது, வேண்டாத பகுதியை உரிக்கும்போது இரண்டு இடத்தில் கிழிந்தும் இருந்தது. இன்றைய வளையத்தைக் கத்தி நிற்காமல் ஒரே சுற்றில் சுற்றி முடித்தது. உரித்தபோது முழுசாக வந்தது.

ஞாயிறு

டிபி பாக்கி. பட்டியலில் அது விரல் நக அளவுக்குத்தான் தெரியும். அந்த அளவில் கழகத்தின் பெயரைப் படிக்க முடியாது. எழுத்துகள் சாம்பல் பட்டையாகிவிடும். மேலும் வளையத்தை ஒட்டிய எழுத்தில் ஒரு தொந்தரவு இருக்கிறது: ஜிம்ப்பின் 'டெக்ஸ்ட் அலாங் பாத்' எழுத்தைத் திருப்பி வைப்பதோடு நிற்காமல் எழுத்தையே வளைக்கிறது. 'ப'வின் தட்டையான அடி வில்லாக வளைந்துவிடுகிறது. பனியனுக்கும் ஸ்டிக்கருக்கும் ஒவ்வொரு எழுத்தாக நானே திருப்பி வைத்தேன். டிபிக்குப் பெயரையே எடுத்துவிட்டு, வளையத்தைத் தடிப்பாக்கி, பெண்ணையும் பிறையையும் மட்டும் பெரிதாக வைத்தேன். ஆசானிடம் கேட்டேன். "குரூப் பேருதான் கீழயே இருக்கேம்மா, போட்டுரு" என்றார்.

கழகத்தின் நிறம் கருஞ்சிவப்பு. லேயரில் 'லாக் ஆல்ஃபா' போட்டுவிட்டு நிறத்தை ஊற்றினால் ஓரத்துப் பிக்சல்களின் மறைப்பு அளவு அப்படியே நிற்கும், வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்காது. தம்பி அதைத் தானே செய்தான். பாத், பெரிய பிஎன்ஜி, ஃபிலிமுக்கான கோப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு நாளை ஆசானுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.